பழைய காரும் அதன் புத்தகமும்: மட்டக்களப்பில் ஒரு பத்திர முகவரின் சேவை

1963ஆம் ஆண்டுத் தயாரிப்பான மொறிஸ் மைனர் கார் ஒன்றைக் காரைதீவில் வாங்கினேன். அதைக் கராச்சில் விட்டு ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஏழு வாரங்கள் போயின. பதிவை என் பெயருக்கு மாற்றி எடுக்கப் பதினொரு மாதங்கள் போயின. அந்தப் பதினொரு மாதமும் எனக்காகக் கடதாசி வேலை பார்த்தவர், மட்டக்களப்பு நகரத்தில் ஒற்றை அறையொன்றில் இருந்து தொழில் செய்யும் ஒரு பத்திர முகவர். அவருடைய சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். சில குறைகளையும் நான் சொல்ல இருக்கிறேன். எனவே பெயரில்லாமலே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் பழைய கார்கள் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்குக் காரணம் ஆசை மட்டும் அல்ல. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, கையில் இருந்த ஒஸ்ரின், மொறிஸ், ஹில்மன் வண்டிகளைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. 1977க்குப் பிறகு யப்பான் வண்டிகள் வந்து குவிந்ததும் இவை கொட்டிலுக்குள் போயின. 2020இல் இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் கொட்டிலில் கிடந்த கார்களுக்கும் விலை வந்தது. விலை வந்த அளவுக்கு அவற்றின் புத்தகங்கள் சீராகவில்லை. இங்கே புத்தகம் என்று சொல்வது பதிவுச் சான்றிதழை. கராச்சுகளில் அதைச் சீ.ஆர். என்றும் சொல்வார்கள்.

நான் முகவரிடம் போனபோது கார் வாங்குவதற்குக் கிட்டத்தட்ட முடிவு செய்து, முற்பணத்தையும் சட்டைப் பையில் வைத்திருந்தேன். புத்தகத்தின் நிழற்பிரதியை வாங்கிப் பார்த்தவர் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "தம்பி, காசை வீட்ட வெச்சிற்று வாங்க, முதல்ல காரைப் பாப்பம்" என்றார். மறுநாள் காலை என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி, நாற்பது கிலோமீற்றருக்கு மேல் தெற்கே காரைதீவு வரை வந்தார். கையில் ஒரு டோர்ச் லைற், நான்கு வெள்ளைத் தாள், ஒரு மென்மையான பென்சில், இரும்புத் தூரிகை ஒன்று. இவ்வளவும் ஒரு பொலித்தீன் பைக்குள்.

கிடுகுக் கொட்டிலுக்குள் பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில் பொருத்தப்பட்டிருந்த சசி இலக்கத் தகட்டை, அதாவது தொழிற்சாலை காருக்குக் கொடுத்த இலக்கம் உள்ள தகட்டைக் கண்டுபிடித்தார். அதன்மேல் மூன்று பூச்சுப் பெயின்ற் இருந்தது. அவற்றைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்தபோது இலக்கம் கடதாசியில் எழும்பி வந்தது. எம், ஏ, எஸ், 5 என்று தொடங்கியது அது. மொறிஸ் காருக்கு எம், அந்த அளவு எஞ்சினுக்கு ஏ, நான்கு கதவுச் சலூனுக்கு எஸ், 1098 சீ.சீ. எஞ்சினோடு வந்த தொடருக்கு 5. இரண்டு கதவு என்றால் எஸ் எழுத்துக்கு முன்னால் 2 வரும். இதைக் காரைச் சுற்றி நடந்தபடியே விளக்கினார். பிறகு புத்தகத்தைப் பிரித்து அருகில் வைத்தார். அதில் எம், ஏ, 5, 5 என்று இருந்தது. ஏதோ ஒரு காலத்தில் ஒரு எழுதுவினைஞர் எஸ் என்ற எழுத்தை 5 என்று வாசித்து எழுதியிருக்கிறார். மிச்ச எண்கள் எல்லாம் பொருந்தின.

சின்னப் பிழைதானே என்று எனக்குத் தோன்றியது. அவர் அப்படி எடுக்கவில்லை. தகடு சிறு ஆணிகளால் பொருத்தப்படுவது, ஒரு காரில் இருந்து கழற்றி இன்னொன்றில் அடிக்கக் கூடியது. ஆகவே பரிசோதிப்பவர் முதலில் சந்தேகப்படுவது தகட்டைத்தான், புத்தகத்தை அல்ல என்றார். ஆணித் தலைகளில் பழைய பெயின்ற் உடையாமல் இருப்பதையும், தகட்டின் ஓரத்தில் ஒரே அளவாகத் துரு பிடித்திருப்பதையும், சுரண்டுவதற்கு முன்பும் பின்பும் கைத்தொலைபேசியில் படமெடுக்கச் சொன்னார். எட்டு மாதம் கழித்து அந்தப் படங்கள் உதவின. இந்த ஒரு முற்பகல் வேலைக்காகவே அவருக்குக் கொடுத்த பணம் தகும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எஞ்சின் வேறு கதை. டைனமோவுக்கு மேலே, பிளக்குகள் இருக்கும் பக்கத்தில் உள்ள சிறு தகட்டில் எஞ்சின் இலக்கம் 9 என்று தொடங்கியது. 1098 சீ.சீ. எஞ்சினாக இருந்தால் 10 என்று தொடங்க வேண்டும். 9 என்றால் அதற்கு முந்திய 948 சீ.சீ. எஞ்சின். அதாவது காருக்கு எப்போதோ பழைய, சிறிய எஞ்சின் ஒன்றை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்; புத்தகத்தில் அது ஏறவில்லை. விற்கிற அம்மாவிடம் இதைக் கேட்டபோது, அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கற் தகரப்பெட்டியைக் கொண்டுவந்தார். கணவர் வைத்துவிட்டுப் போன கடதாசிகள் அதற்குள் இருந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது பெட்டி அலுமாரியின் மேல் இருந்ததாம். அலுமாரி விழுந்து பெட்டிக்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது. புத்தகத்தின் ஓரங்களில் மை ஊறி நீலமாகப் படர்ந்திருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. பெட்டியின் அடியில், ஒட்டிப்போன இரண்டு கடதாசிகளுக்கு நடுவில், கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு கிடந்தது. இலக்கம் எழுதப்பட்டிருந்தது. முகவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, ஊதி, தன் டயறியின் நடுவில் வைத்த விதத்தைப் பார்த்திருந்தால் ஏதோ காணி உறுதி கிடைத்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

இந்தக் கரையோரத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். 1978 சூறாவளி, 1990இன் இடப்பெயர்வு, சுனாமி என்று மூன்று தடவையாவது இங்குள்ள வீடுகளின் கடதாசிகள் அழிந்திருக்கின்றன. மற்ற மாகாணங்களில் புத்தகம் இல்லை என்றால் சந்தேகப்படுவார்கள். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் கல்லடியிலும் புத்தகம் இருப்பதே ஆச்சரியம். புத்தகம் அறவே இல்லாவிட்டால் பொலிஸ் முறைப்பாடும் சத்தியக் கடதாசியும் கொடுத்து மறுபிரதி எடுக்க வழி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் பதிவில் உள்ள உரிமையாளர், நீங்கள் அல்ல.

எங்களுக்கு உண்மையான சிக்கல் அந்த உரிமையாளரிடம்தான் இருந்தது. புத்தகத்தில் பெயர் உள்ளவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவர். அவர் 1988இல் காரைதீவுக்காரருக்குக் காரை விற்று, உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். திகதி இல்லை, வாங்குபவர் பெயர் இல்லை. ஓபன் பேப்பர் என்று நாடு முழுவதும் சொல்வது இதைத்தான். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற அந்த இரண்டு படிவங்களும் பிஸ்கற் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. கையெழுத்துப் போட்டவர் 1996இல் காலமாகிவிட்டார்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் என் காரை விட வயதில் மூத்தது. வாகனம் கைமாறினால் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று அது அன்றே சொல்லிவிட்டது. பதினான்கு நாளில் செய்ய வேண்டியதை முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகச் செய்யாமல் விட்டதன் கூலியை நான் கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நான் விசாரித்த வேறு இரண்டு தரகர்கள், "கையெழுத்து இருக்குத்தானே, பழைய திகதி ஒண்டைப் போட்டால் சரி" என்றார்கள். ஒருவர் மூன்று வாரத்தில் முடித்துத் தருவதாகவும் சொன்னார். நான் இங்கே எழுதும் முகவர் அந்தப் படிவங்களைப் பார்த்து, மடித்து, என்னிடமே திருப்பித் தந்தார். இறந்தவரின் கையெழுத்தை வைத்துத் தான் வேலை செய்வதில்லை என்றும், அப்படித்தான் வேண்டும் என்றால் வேறு ஆளைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அவர் எடுத்த முதல் நடவடிக்கை, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி வாகனத்தின் பதிவு விபரத்தை எடுத்தது. இதில் இரண்டு விடயம் தெளிவானது. கடனில் வாங்கிய வாகனம் என்றால் கடன் கொடுத்த நிறுவனம் முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் பதியப்படும்; அந்த இடத்தில் எந்த நிதி நிறுவனத்தின் பெயரும் இல்லை. கடன் முடிந்தும் விடுவிப்புக் கடிதம் எடுக்காத வாகனங்கள் எத்தனையோ உண்டு. அடுத்தது, திணைக்களப் பதிவிலும் எம், ஏ, 5, 5 என்றே இருந்தது. பிழை எங்கள் புத்தகத்தில் மட்டும் இருந்தால் ஒரு மாதிரி, மூலப் பதிவிலேயே இருந்தால் வேறு மாதிரி. திருத்தத்துக்கான விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதை அதன் பிறகே அவர் முடிவு செய்தார். நான் தனியாகச் செய்திருந்தால் இந்த ஒழுங்கு தலைகீழாகப் போயிருக்கும்.

பிறகு வாரிசுகள். இறந்தவருக்கு மூன்று பிள்ளைகள்: ஒருவர் நகரத்தில், ஒருவர் வவுனியாவில், ஒருவர் சுவிற்சர்லாந்தில். தகப்பன் விற்றுவிட்ட காருக்கு முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் கழித்துக் கையெழுத்துக் கேட்டு யாரோ வந்து நின்றால் எவருக்கும் சந்தேகம் வரும்; இப்போது அந்தக் காரின் விலை தெரிந்தால் சந்தேகத்தோடு வேறொன்றும் வரும். முகவர் போகும் வழியில் சொன்னார்: "தம்பி, நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். உங்கட அப்பா வித்த காருக்கு அவர் விட்ட வேலையை முடிச்சுத் தாங்க எண்டு நான் கேட்பன். கார் எங்களுக்கு வேணும் எண்டு கேட்டா, விலை கேட்பாங்க." அப்படியே கேட்டார். 1988இல் காசு கொடுத்ததற்கு ஆதாரமாகக் காரைதீவு அம்மா வைத்திருந்த, முத்திரை ஒட்டிய கைச்சீட்டையும் காட்டினார். மூத்தவர் அந்தக் கையெழுத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாட எழுத்துத்தான்" என்று சொல்லி, உள்ளே போய்த் தேநீர் கொண்டுவரச் சொன்னார். அதன் பிறகு தடையில்லை.

மரணச் சான்றிதழின் பிரதி, வாரிசுகள் யார் என்ற கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசிகள், சுவிற்சர்லாந்தில் உள்ளவர் அங்குள்ள இலங்கைத் துணைத் தூதரகம் மூலம் அனுப்பிய அற்றோணித் தத்துவம் ஆகியவை சேர நான்கு மாதமானது. இறந்தவரின் சொத்தாக இருக்கும் வாகனத்துக்கு நீதிமன்றம் போக வேண்டுமா, சத்தியக் கடதாசிகள் போதுமா என்ற கேள்விக்கு மட்டும் முகவர் தானே பதில் சொல்லவில்லை. ஒரு சட்டத்தரணியிடம் அனுப்பினார். தன் எல்லை எது என்று தெரிந்த முகவரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இனிக் குறைகள். சசி இலக்கத் திருத்தத்துக்கும் எஞ்சின் மாற்றத்துக்கும் காரை மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் நேரில் காட்ட வேண்டும். வருடா வருடம் எடுக்க வேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் பல வருடமாகப் புதுப்பிக்கப்படாத காரை வீதியில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. லொறியில் ஏற்றித்தான் போக வேண்டும். இந்தச் செலவைப் பற்றி அவர் தொடக்கத்தில் ஒன்றுமே சொல்லவில்லை. அது போதாதென்று, முதல் தடவை போனபோது பஞ்சிகாவத்தைப் பற்றுச்சீட்டின் மூலப்பிரதியைத் தன் அறையில் மறந்து விட்டுவிட்டார். பரிசோதகர் நிழற்பிரதியை ஏற்கவில்லை. காரை இறக்கி, காட்டி, ஏற்றி, திரும்பி வந்து, அடுத்த கிழமை மறுபடியும் ஏற்றினோம். லொறிக்கு ஒரு தடவை 14,000 ரூபாய். இரண்டாவது தடவையின் செலவில் பாதியைத் தன் கட்டணத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார், கழித்தேன். முழுவதையும் கழித்திருக்கலாம் என்பது என் மனைவியின் கருத்து.

இரண்டாவது குறை, தொலைபேசி. பகல் பதினொரு மணிக்குப் பிறகு அவரைப் பிடிப்பது கடினம். கொழும்புக்குப் போய்விட்டால் இரண்டு நாட்களுக்குப் பதிலே வராது. கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள திணைக்கள அலுவலகத்துக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் என்பதும், இரவு ரயிலில் போய் அதிகாலையில் வரிசையில் நிற்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். என்றாலும் "கிடைத்தது", "கிடைக்கவில்லை" என்று ஒரு சொல் அனுப்ப அதிக நேரம் ஆகாது. மூன்றாவது, பற்றுச்சீட்டுக் கொடுப்பதில்லை. அவருடைய கட்டணம் 35,000 ரூபாய், மூன்று தவணை. அரசாங்கக் கட்டணங்களும் பயணச் செலவும் தனி. எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவைக்கிறார். காரின் சீ.ஆருக்காக அவருடைய சீ.ஆர். கொப்பியில் நான் கையெழுத்திட்ட பக்கங்கள் ஏழு. கணக்கு ஒரு ரூபாய்கூடப் பிழைக்கவில்லை, ஆனால் என் கையில் ஆதாரம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், அவர் மறுப்பதில்லை.

காரின் முன்னும் பின்னும் உள்ள பதிவு இலக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு விடயம். 1957 முதல் பதிவான கார்களின் இலக்கத்தில் நடுவே சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் தகடுகளில் தமிழ் ஸ்ரீ எழுதி ஓடியதை இங்குள்ள முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். இன்று அதே ஸ்ரீ தகடு உள்ள காருக்கு மவுசு அதிகம். அதை மாற்றிவிட வேண்டாம் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லாம் தமிழர்கள்தான். எங்களுக்கு அந்த எழுத்து வேறு விதமாகத் தொல்லை தந்தது. காப்புறுதி எடுத்த இடத்தில் ஸ்ரீயை விட்டுவிட்டு எண்களுக்கு நடுவில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டுத் தட்டச்சு செய்துவிட்டார்கள். பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனபோது கணினியில் பதிவும் காப்புறுதியும் சேரவில்லை. அது வேறு வாகனத்தின் இலக்கம் என்று திருப்பிவிட்டார்கள். இது முகவரின் பிழை அல்ல, அவரிடம் காட்டாமல் நானே எடுத்த காப்புறுதி. பழைய இலக்கமுள்ள கார் வைத்திருப்பவர்கள் காப்புறுதிச் சான்றிதழையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் கையில் வாங்கிய இடத்திலேயே புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். அனுமதிப்பத்திரம் எடுக்காமல் விட்ட நிலுவை வருடங்களின் தொகை எனக்குக் கனமாகத்தான் இருந்தது. கார் பாவனையில் இல்லை என்று முன்னையவர்கள் அந்தந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் அது குறைந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு அவரைப் பரிந்துரைப்பேனா என்றால், பரிந்துரைப்பேன். ஆனால் எல்லோருக்கும் அல்ல. உரிமையாளர் உயிரோடு இருந்து, புத்தகமும் காரும் பொருந்தி, இருவரும் நேரில் போய்க் கையெழுத்துப் போடக்கூடிய நிலையில் இருந்தால் முகவரே தேவையில்லை. அந்தப் பணத்துக்கு ரயர் வாங்கலாம். பெயர் உள்ளவர் இறந்து, எஞ்சின் மாறி, இலக்கத்தில் எழுத்துப் பிழை இருந்து, அவசரமும் இல்லை என்றால் இவரைப் போல ஒருவர் வேண்டும். அவசரக்காரருக்கு இவர் சரிவரமாட்டார்.

புதிய புத்தகம் சென்ற மாதம் பதிவுத் தபாலில் வந்தது. சசி இலக்கம் எம், ஏ, எஸ், 5 என்று சரியாக இருக்கிறது. எஞ்சின் இலக்கம் சரி, 948 என்ற கொள்ளளவும் சரி. என் முகவரியில் வீட்டிலக்கம் மட்டும் 16க்குப் பதிலாக 61 என்று விழுந்திருக்கிறது. படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் 61 என்றே இருக்கிறது, நிரப்பியது அவருடைய கையெழுத்து, கீழே சரிபார்த்து ஒப்பமிட்டது நான். கூலி இல்லாமல் அடுத்த பயணத்தில் திருத்தித் தருவதாகச் சொல்லி, சீ.ஆர். கொப்பியில் எட்டாவது பக்கத்தைத் திறந்திருக்கிறார். அடுத்த பயணம் எப்போது என்று கேட்க இன்று காலை எடுத்தேன். மணி பதினொன்றரை, பதில் இல்லை.